கோயிற்காட்டின் வரவு செலவு



இந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்த நண்பர்கள் எனக்கு முதலில் அனுப்பிய கடிதத்தில், 'இயற்கையைப் போற்றுவோம்' என்று தலைப்புக் குறித்திருந்தார்கள். அந்தத் தலைப்பில் பேச என்னைவிடத் தகுதி வாய்ந்தவர்கள் பலர் உண்டு என்பது ஒரு புறமிருக்க, இயற்கையைப் போற்றாதவர் ஒருவரையும் நான் இதுநாள்வரை சந்தித்ததில்லையாதலால், வாதிப்பதற்கு எதிர்க்கட்சி அகப்படாத விஷயத்தைப் பேசி உங்கள் மாலைப் பொழுதை வீணாக்குவானேன் என்று எண்ணி, 'கோயிற்காட்டின் வரவு செலவு' என்று தலைப்பைக் கொஞ்சம் தாழ்த்தித் தரும்படி கேட்டுக்கொண்டேன். காட்டுக்கு வரவு என்ன, செலவு என்ன என்று அவைத் தலைவர் அவர்கள் தம் முன்னுரையில் வேடிக்கையாகக் கேட்டார்கள். அதே கேள்வியைச் சில ஆண்டுகளுக்கு முன்னால் எங்கள் ஊர்ச் சாவடியிலும் ஒருவர் கேட்டார். அவர் வேடிக்கையாகக் கேட்கவில்லை.

கோயிற்காடு என்றால் என்ன என்பதைப் பட்டணத்து அன்பர்களுக்காகச் சற்று சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டைச் சீமையிலோ சிவகங்கைச் சீமையிலோ சித்திரை மாதத்து உச்சி வெயிலில், கண்மாய்க் கரை வழியாக, தரையெல்லாம் வெளுத்துக் கானல் ஓடுகிற பொட்டலைத் தாண்டி நடந்து வருகிறவன், திடீரென்று ஓரிடத்தில் குனிந்து ஒரு கொடியை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நுழைந்த பத்தடியில் வெயில் அற்றுப்போகிறது, காலடியில் சருகு மெத்தென்று அமுங்குகிறது, காட்டெலுமிச்சையின் இலை தோளில் உரசிக் கசங்கி மணக்கிறது, முறுக்கிப் பிழிந்தாற்போன்ற அடிமரத்தோடு வீரை மரங்கள் நிற்கின்றன, காயாவின் நீலப் பூ இலையில்லாத தண்டிலேயே ஒட்டிக்கொண்டு பூத்திருக்கிறது, அப்பால் அரையிருட்டில், வாயைப் பிளந்துகொண்டு வரிசையாக மண்குதிரைகள். ஆண்டில் பாதிக்குமேல் மழையே காணாத, ஐப்பசி கார்த்திகை மழையையே நம்பி வாழ்கிற இந்தக் கீழைக் கடற்கரைப் பிரதேசத்தில், இலை உதிர்க்காமல் பச்சையாகவே நிற்கும் குட்டையான ஒரு காடு உண்டு என்பதும், அது விசாகப்பட்டினம் தொடங்கி இராமநாதபுரம் வரையில் ஒரு குறுகிய பட்டையாக ஒரு காலத்தில் பரவியிருந்தது என்பதும் தாவர சாஸ்திரிகள் சொல்லும் செய்தி. உலர்பசுமைக் காடு என்று அதற்குப் பெயர். அந்தப் பட்டை இன்று கிழிந்து நூல் நூலாகப் போய்விட்டது. எஞ்சியிருக்கிற கிழிசல்கள் அநேகமாக ஐயனார், கருப்பர், காளி முதலிய தெய்வங்களின் வசத்தில் உள்ளவை. மரக்காணத்துக்குத் தெற்கே கீழ்ப்புத்துப்பட்டில் மஞ்சனீஸ்வர ஐயனார் கோயிலைச் சுற்றி நிற்கும் காட்டைப் பார்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் போகிறவர் அதைத் தாண்டுவதற்குச் சில நிமிஷங்கள்கூட ஆகாது, அவ்வளவுதான் மிச்சம்.

இந்தக் காடுகள் யாருடையவை? கேட்பதற்கு எளிதான கேள்வி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியக் காட்டிலாகாவை அமைத்துத் தலைமை வகித்த டீட்ரிக் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர், ஏலகிரியின் சாமி சோலையையும், ஜவ்வாது மலைப் புதூரில் இருந்த கோயிற்காட்டையும், சேர்வராயன் மலைக் காடுகளையும் பெயர் சொல்லிக் குறித்து வைத்திருக்கிறார். சர்க்கார் காவலாளி இல்லாமலே காவல் நடந்துவந்த காடுகள் இவை என்பது அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அதே காலத்துச் சர்க்காரின் நில அளவைக் கணக்குகளில் இப்படிப்பட்ட காடுகளுக்கு ஊர்ச்சொத்து என்று ஓர் இனம் இல்லை. ஒரு காடு கோயில் புறம்போக்கு என்று எழுதப்பட்டது. இன்னொன்று தரிசு என்று எழுதப்பட்டது. மூன்றாவது ஒன்று, யாருடைய கையெழுத்தோ தெரியவில்லை, கல்லாங்குத்து என்று எழுதப்பட்டது. ஊரார் தங்களுடையது என்று எண்ணிக்கொண்டிருக்க, அடங்கலில் அது யாருடையதும் அல்லாததாகவோ சர்க்காருடையதாகவோ கிடந்தது. அருவாள் கொண்டுபோனால் கண் அவிந்துபோகும் என்ற பயம் இருந்த வரையில் அந்தக் காகிதம் ஒரு பொருட்டாகவில்லை. பயம் போன பிறகுதான் காகிதத்தைத் தேடினோம்.

பயம் போனதைப்பற்றி நான் பெரிதாக வருந்துகிறவன் அல்லன். அந்தப் பயத்தின் நிழலில் மரங்கள் மட்டும் வாழவில்லை. இன்னார் இந்த எல்லைக்குள் வரலாம், இன்னார் வரக்கூடாது என்ற வழக்கமும் அதே நிழலில்தான் வாழ்ந்தது. அதைப் பிற்பாடு சொல்கிறேன்.

எங்கள் ஊர்க் காட்டின் கதை, நான் கேட்டறிந்த வேறு பல ஊர்க் காடுகளின் கதைதான். ஒரு பக்கம் சாலை தின்றது, ஒரு பக்கம் களத்துமேடு தின்றது, நடுவில் கோயிலே தின்றது. இதைச் சொன்னால் பக்தர்களுக்கு வருத்தமாக இருக்கும். ஆயினும் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் சம்பாதித்த பணம் ஊருக்கு வந்தபோது, வெட்டவெளியில் மழையும் வெயிலும் வாங்கிக்கொண்டிருந்த ஐயனாருக்குச் சிமெண்டு மண்டபமும், மண்டபத்துக்குத் தளக்கல் பாவிய முற்றமும், முற்றத்துக்கு இரும்புக் கதவும் வந்தன. வந்து முடிந்தபோது பாட்டன் காலத்து வீரை மரங்களில் பாதி இல்லை. ஈசுவரனுக்கும் தெரியாமல் நடந்ததன்று இது. குடமுழுக்குப் பத்திரிகை அச்சடித்து நடந்தது. மிச்சமிருந்த வெட்டவெளியைச் சீமைக்கருவேல் எடுத்துக்கொண்டது. 1870களில், விறகுப் பஞ்சத்துக்கு மருந்து என்று ஜமைக்காவிலிருந்து வித்து வரவழைத்துச் சென்னை ராஜதானியில் ஊன்றிய மரம் அது. அதன் நெற்றை ஆடும் மாடும் தின்று, சாணத்தோடும் புழுக்கையோடும் எருவிட்டு விதைத்துக்கொண்டு போகின்றன. அவ்வளவு சிரத்தையான விவசாயி எங்கள் ஜில்லாவில் வேறு இல்லை.

காட்டை மீட்க வேண்டும் என்று ஊரில் நாலு பேருக்குத் தோன்றியபோது, முதலில் எங்களுக்குக் கிடைத்தது பணம். அதுதான் துரதிர்ஷ்டம். பெயர் சொல்ல விரும்பாத ஒரு பெரிய ஸ்தாபனம், அந்த ஆண்டின் தர்மக் கணக்கை அந்த ஆண்டுக்குள் முடித்தாக வேண்டிய அவசரத்தில், பங்குனி மாதத்தில் லாரி லாரியாகக் கன்றுகளைக் கொண்டுவந்து இறக்கியது. பங்குனியில்! கன்றுகளில் முக்கால்வாசி தூங்குமூஞ்சியும் குல்மொகரும். காட்டுச் சாதி ஒன்றுகூட இல்லை. பொக்லைன் வந்து சீமைக்கருவேலைப் புரட்டியது. புரட்டியபோது, அதன் அடியில் குன்றிப்போய் ஒளிந்திருந்த காரைத் தூரும் காயாத் தூரும் சேர்ந்து புரண்டன. பிரமுகர்கள் வந்தார்கள், பூவாளியால் தண்ணீர் ஊற்றினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், போனார்கள். ஆடி மாதத்தில் நான் எண்ணிப் பார்த்தபோது உயிரோடு இருந்த கன்றுகளை எண்ணுவதற்கு இரண்டு கை விரல்களுக்குமேல் வேண்டியிருக்கவில்லை.

அந்தச் சமயத்தில் ஆட்டுக்காரர் ஒருவரைக் காட்டுக்குள் வைத்துப் பிடித்தோம். பிடித்தோம் என்பது பெரிய வார்த்தை. அவர் அங்கே தினமும் இருக்கிறவர்தான், நாங்கள்தான் அன்றைக்குப் போனோம். கன்றுகளை மேய விட்டது நீர்தானே என்று எங்களில் ஒருவர் சத்தம் போட, அவர் துரட்டியைத் தோளில் மாற்றிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "சார், கன்டு வச்சீக, சரி. கோடையில எங்காடு எங்கிட்டுப் போயி மேயும்னு ஒரு வார்த்தை என்னையக் கேட்டீகளா?"

கேட்கவில்லை. ஸ்தாபனத்தாரைக் கேட்டோம், அதிகாரிகளைக் கேட்டோம், ஜோசியரைக்கூடக் கேட்டோம், இவரைக் கேட்கவில்லை.

தெற்கு ஸ்காட்லாந்தில் கேரிஃப்ரன் என்ற ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. மரமற்று, ஆடுகள் மொட்டையடித்த குன்றுகளுக்கு நடுவில் கிடந்த அந்த 1,600 ஏக்கர் அளவுள்ள நிலத்தை, சுற்று வட்டாரத்து மனிதர்கள் சேர்ந்து, பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி, விலை கொடுத்து வாங்கி, 2000-ஆம் ஆண்டின் முதல் நாளில் மரம் நடத் தொடங்கினார்கள். இன்றைக்கு அங்கே ஐந்து லட்சத்துக்கும் அதிகமான மரங்கள் நட்டாகிவிட்டன. அவர்கள் செய்த முதல் காரியங்களில் ஒன்று ஆடுகளை அப்புறப்படுத்தியது. எந்த மரம் அந்த மண்ணுக்கு உரியது என்று தெரிந்துகொள்ள, சதுப்புக் கரிமண்ணைத் தோண்டி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அதில் படிந்த மகரந்தப் பொடியைப் பார்த்து அறிந்தார்கள். அவர்களுடைய பிரயத்தனத்தை நினைத்தால் எனக்கு வணங்கத் தோன்றுகிறது. கூடவே, நம்முடைய பாக்கியத்தை நினைத்துச் சற்றே கர்வமும் உண்டாகிறது. அவர்கள் செத்துப்போன காட்டிடம் ஜாபிதா கேட்டார்கள். நாம் மூன்று மைல் நடந்து அடுத்த ஊர் ஐயனாரிடம் கேட்டால் உயிரோடு பதில் கிடைக்கிறது. எங்கள் காட்டில் எது இருந்தது என்பதை அப்படித்தான் அறிந்தோம். வீரை, இரும்பிலி, உலக்கைப்பாலை, நெய்க்கொட்டான், காட்டெலுமிச்சை, ஆதொண்டைக் கொடி என்று அடுத்த ஊர்ப் பூசாரி விரல் விட்டு எண்ணினார். பழம் பழுக்கும் மாதத்தையும் சேர்த்துச் சொன்னார்.

பிறகு நாங்கள் செய்தது அநேகமாக ஒன்றும் செய்யாமல் இருந்தது என்றே சொல்லலாம். ஆட்டுக்காரர்களுக்குக் கண்மாய் உள்வாய்ப் புல்லில் முதல் பாத்தியதை என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்து, என்னைக் கேள்வி கேட்ட அந்த மனிதரையே மாதச் சம்பளத்தில் காவலுக்கு அமர்த்தினோம். இரண்டு மழை பார்த்தோம். எதுவுமில்லாத இடத்தில் காரை துளிர்த்தது. காயா துளிர்த்தது. எத்தனை வருஷமாக ஆடு கடித்துக் கடித்து, மண்ணோடு மண்ணாக, பெயரில்லாமல் உயிரை மட்டும் வைத்துக்கொண்டிருந்த தூர்கள் அவை! கொண்டைக்குருவியும் குயிலும் வந்து உட்காருகிற வேப்பமரத்தடியில் மட்டும், நாங்கள் ஊன்றாத விதைகள் கூட்டம் கூட்டமாக முளைத்தன. சற்றுத் தள்ளிப் பறவை உட்கார இடமில்லாத திறந்தவெளியில் அதே மழைக்கு ஒன்றும் முளைக்கவில்லை. கன்று நடுவதென்றால் அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் நட வேண்டும் என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. நட்டதும் பங்குனியில் அன்று, ஐப்பசியில்.

இங்கேதான் வரவு செலவு வந்து நிற்கிறது. காடு தானாகவே எழும்பிவிடும், ஆகையால் பணம் வேண்டாம் என்று நான் சொல்லுவதாக எண்ணிவிடாதீர்கள். காவலாளிக்குக் கார்த்திகை மாதமும் சம்பளம் உண்டு, ஆனி மாதமும் உண்டு; காடு அழகாக இருக்கிற வருஷமும் உண்டு, யாரும் எட்டிப் பார்க்காத வருஷமும் உண்டு. வேலி முள் மட்கிப்போகும். தோண்டி எறிந்த சீமைக்கருவேல் மறு மழைக்கு முளைக்கும். மரம் நடுவதற்குக் கொடுக்க உலகத்தில் ஆள் உண்டு. நட்டதற்குப் பின் ஏழாவது வருஷத்தில், ஒரு படமும் எடுக்க முடியாத காவல் கூலிக்குக் கொடுக்க ஆள் கிடையாது. தர்மவான்கள் கெட்டவர்கள் என்பதனால் அன்று. அவர்களுடைய கணக்குப் புத்தகம் மார்ச்சு மாதத்தோடு முடிகிறது, காட்டின் கணக்கு முடிவதில்லை.

சீமைக்கருவேலே பணம் ஆயிற்றே என்பீர்கள். ஆம். எங்கள் பக்கத்தில் அதை மூட்டம் போட்டுக் கரியாக்கிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். வெட்டும் உரிமையை ஏலம் விட்டால் ஊருக்கு ரொக்கம் கிடைக்கும். நாங்களும் ஏலம் விட்டோம். ஏலம் எடுத்தவர் தரையோடு தரையாக அறுத்து எடுத்துக்கொண்டு போனார். தூரைத் தோண்டுவது அவருடைய வேலையன்று, கூலியும் கட்டாது. மறு மழைக்கு ஒவ்வொரு தூரிலிருந்தும் ஐந்தாறு கொம்புகள் தோள் உயரம் நின்றன. ஏலக்காரர் சந்தோஷமாக, மூன்று வருஷம் கழித்து வருவதாகச் சொன்னார். காட்டின் எதிரியே காட்டின் வருமானமாகிவிட்டால், அந்த எதிரியை ஒழிக்க யாருக்குத்தான் மனம் வரும்? மறுமுறை, தூரோடு பெயர்த்து எடுக்க வேண்டும், ஒரு பாத்தியை முடித்துத்தான் அடுத்த பாத்திக்குப் போக வேண்டும், நாட்டு மரத்தின் தூரில் கடப்பாறை படக்கூடாது என்று நிபந்தனை எழுதினோம். ஏலத்தொகை ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று ஆயிற்று. சாவடியில் அந்த ஒருவர், "காட்டுக்கு வரவு என்னய்யா, செலவு என்னய்யா?" என்று கேட்டது அன்றைக்குத்தான்.

அதற்குப் பதில் எங்கள் பெரியவர்கள் கல்லிலே எழுதி வைத்திருந்தது எனக்குப் பிற்பாடு நினைவுக்கு வந்தது. சோழர் காலத்துக் கோயில்களில் நந்தா விளக்குக்கு நிவந்தம் விட்ட கல்வெட்டுக்களை வாசித்தவர்கள் அறிவார்கள்: ஒரு விளக்கு இரவும் பகலும் அணையாமல் எரிய, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் வேண்டும், அதற்காக 96 ஆடுகளைக் கோயிலுக்குக் கொடுப்பார்கள், கோயிலார் அவற்றை ஓர் இடையர் வசம் ஒப்படைப்பார்கள். நெய் அளப்பது இடையர் கடமை. அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு இட்ட பெயர் 'சாவா மூவாப் பேராடு' என்பது. ஆடு சாகும், மூப்படையும். ஆனால் குட்டிகள் தலையெடுத்து அந்த இடத்தை நிரப்புவதால், 96 என்ற தொகை சாவதுமில்லை, மூப்பதுமில்லை. உலகத்துப் பொருளாதார நிபுணர்கள் மூலதன நிதி என்றும், வட்டியை மட்டும் செலவிடுதல் என்றும் புத்தகம் புத்தகமாக எழுதுகிற விஷயத்தை இரண்டு எதிர்மறைச் சொற்களில் சொல்லிவிட்ட அந்தக் கணக்கர் யாரோ, அவருக்கு ஒரு நமஸ்காரம்.

அந்த இரண்டு சொற்களையும் பிரித்துப் பார்க்கும்படி உங்களை வேண்டுகிறேன். சாவாமல் வைத்திருப்பது சுலபம்: முதல்தொகையில் கை வைக்கக்கூடாது என்று விதி எழுதினால் போதும். மூவாமல் வைத்திருப்பதுதான் கஷ்டம். ரூபாய்க்கு மூப்பு உண்டு. இன்று வங்கியில் போட்ட தொகை பத்து வருஷம் கழித்தும் அதே எண்ணாகத்தான் இருக்கும். ஆனால் அன்று அதன் வட்டி ஒரு காவலாளிக்கு அரை மாதச் சம்பளத்துக்குக்கூடக் காணாது. ஆட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. நெய் விலை ஏறினாலும் ஆடு உழக்கு நெய் கொடுத்துக்கொண்டே இருந்தது; குட்டி போடும் விகிதத்தை எந்த ரிசர்வ் வங்கியாலும் குறைக்க முடியாது. நாங்களும் காட்டுக்கென ஒரு முதல் சேர்த்துக் கூட்டுறவு வங்கியில் போட்டோம்; அதற்கு வருகிற வட்டியில் ஒரு பங்கை ஆண்டுதோறும் முதலோடு திரும்பச் சேர்த்துவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். அந்தப் பங்கைச் செலவழிக்க ஆசை வராத வருஷமே இல்லை. ஒரு வருஷம் சேர்க்காமல் விட்டதும் உண்டு. அந்த வருஷம் புயல் வேலியைச் சாய்த்தது என்று ஒரு காரணம் எழுதிவைத்திருக்கிறோம்.

முதலுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் புரவி எடுப்பு என்று ஒரு திருவிழா உண்டு. ஊர் கூடி நாள் குறித்து, ஒரு பிடி மண்ணை எடுத்து வேளார் கையில் கொடுக்கும். பிடிமண் கொடுத்தல் என்று அதற்குப் பெயர். அவர் விரதம் இருந்து குதிரை செய்து, சுட்டு, வர்ணம் தீட்டி முடித்ததும், ஊரார் தோளில் சுமந்து ஐயனார் காட்டில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். இதற்கெல்லாம் ஆகிற செலவைத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு வசூலிப்பார்கள். பணக்காரர் தனியாகக் கொடுப்பதற்குப் பெயர் உபயம். எல்லாரும் சமமாகக் கொடுப்பதற்குப் பெயர் வரி. குதிரை நிற்கிற நிழலுக்கும் அதே தலைக்கட்டு வரியில் ஒரு துண்டு ஒதுக்கினால் என்ன என்று நாங்கள் கேட்டோம். கண்மாய் மீன் ஏலத்தில் ஒரு பங்கு, கோயில் புளியமரக் குத்தகையில் ஒரு பங்கு என்று மெல்ல மெல்ல மற்றவையும் வந்து சேர்ந்தன.

வரிப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, பிற்பாடு சொல்வதாக நான் ஒத்திவைத்த விஷயம் எதிரே வந்து உட்கார்ந்துகொண்டது. தலைக்கட்டு என்றால் கலியாணமான ஆண்பிள்ளை. கைம்பெண் வீட்டுக்குத் தலைக்கட்டு இல்லை. கண்மாய்க்குக் கீழ்ப்புறத்துத் தெருவுக்கு மொத்தமாகவே வரி இல்லை. அந்தத் தெருக்காரர்கள் காட்டு எல்லைக்கு வெளியே நின்று கும்பிட்டுப் போவது வழக்கம். ஆனால் சீமைக்கருவேல் தூரைத் தோண்டியவர்களில் பெரும்பாலோர் அந்தத் தெருக்காரர்கள். காட்டு ஓடையில் தூர் வாரியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கூட்டத்தில் அந்தத் தெரு இளைஞர் ஒருவர் எழுந்து, "எங்களுக்கும் வரி போடுங்க" என்றார். வரி போடாதே என்று சண்டை போடுகிற தேசத்தில், வரி போடு என்று ஒரு மனிதர் உரிமை கேட்ட அந்த வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. வரி வாங்கினால் பங்கு கொடுக்க வேண்டும், பங்கு கொடுத்தால் உள்ளே விட வேண்டும், உள்ளே விட்டால் பரம்பரை மரியாதை என்ன ஆவது என்று அதைப் புரிந்துகொண்டவர்கள் எங்கள் பக்கத்திலும் இருந்தார்கள். ஆகையினால்தான் அதை எதிர்த்தார்கள். இரண்டு திருவிழா நின்றுபோயிற்று. மூன்றாவது வருஷம் எல்லாத் தெருவுக்கும், எல்லா அடுப்புக்கும் ஒரே வரி என்று முடிந்தது. அடுப்பு என்று எழுதியதில் கைம்பெண் வீடும் அடங்கிற்று. ஊர்ச்சொத்து என்கிற வார்த்தையில் ஊர் என்பது யார் என்று தீர்மானிக்காமல் சொத்தைக் காப்பாற்றப் புறப்படுவது விளக்கை மறந்து எண்ணெய் வாங்கப் போவது போன்றது என்பது என் அபிப்பிராயம். எங்கள் ஊரில் இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் இன்னும் உண்டு.

சர்க்காரைப்பற்றிச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஓரிடத்தைப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கலாம். அறிவிப்பதனால் நிலத்தின் உடைமை மாறாது, ஊராரின் வழக்கமான உரிமைகளும் போகா. உள்ளூர் மன்றம் ஒவ்வொன்றுக்கும் இதற்கென ஒரு குழுவும், நிதி வைத்துக்கொள்ள வழியும் அச்சட்டத்திலேயே உண்டு. தமிழ்நாட்டில் முதன்முதலாக 2022 நவம்பரில், மதுரைக்கு அருகே அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய இரண்டு கிராமங்களில் 193.42 ஹெக்டேர் அவ்வாறு அறிவிக்கப்பட்டது. 2025-இல் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் வீரக்கருப்பசாமியின் கோயிற்காடு, 4.97 ஹெக்டேர், அந்த வரிசையில் சேர்ந்தது. ஐந்து ஹெக்டேர்கூட இல்லாத ஒரு காட்டுக்குச் சர்க்கார் கெஜட்டில் இடம் கிடைத்தது என்பதை எங்களைப் போன்ற சிறிய ஊர்க்காரர்கள் எவ்வளவு சந்தோஷத்தோடு வாசித்தோம் என்பதை உங்களால் ஊகிக்க முடியும். ஆனால் அரிட்டாபட்டியின் பிற்காலக் கதையையும் அதோடு சேர்த்து வாசிக்க வேண்டும். அறிவிப்பு வந்து இரண்டே ஆண்டுகளில், 2024 நவம்பரில், அந்தத் தலத்தையும் உள்ளடக்கிய 2,000 ஹெக்டேருக்குமேல் நிலம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது. ஊர்கள் திரண்டன. தலத்தை மட்டும் விட்டுவிட்டு எல்லையைத் திருத்தலாமா என்று மத்திய அரசு ஆலோசித்தது. மிச்சமும் எங்கள் நிலமே என்று ஊரார் மறுத்துவிட்டார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தாயிற்று. கெஜட்டுக் காகிதம் பயனற்றது என்று நான் சொல்ல மாட்டேன்; எல்லையைத் திருத்தலாம் என்ற பேச்சை எழுப்பியதே அந்தக் காகிதந்தான். மிச்ச நிலத்துக்குக் காகிதம் இல்லை. அதைக் காத்தது கூட்டம்.

காகிதம் என்றதும் இன்னொரு காகிதம் நினைவுக்கு வருகிறது, காகிதமன்று, கல். உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-இலும் 921-இலும், ஊர் நிர்வாகத்துக்குக் குடவோலை எடுக்கும் முறையைச் சபையார் வகுத்துச் சுவரில் வெட்டி வைத்தார்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று தனித்தனி வாரியங்கள். ஒருவர் பதவியில் இருப்பது 360 நாள். தேர்தலின் சிறப்பை எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு அதில் மிகவும் பிடித்த விதி வேறொன்று: முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாமல் போனவனும், அவனுடைய உறவினர்களும் குடவோலைக்குத் தகுதியற்றவர்கள். உறவினர்களையும் சேர்த்துக்கொண்ட அந்தச் சபையாருக்கு மனித சுபாவம் தெரிந்திருந்தது.

எங்கள் காட்டின் கணக்கைப் புரவி எடுப்புக்கு மறுநாள் காலையில், சாவடித் திண்ணையில் வைத்து, வரி வரியாக உரக்க வாசிப்பது என்று வைத்திருக்கிறோம். திருவிழாக் களைப்பில் பாதிப்பேர் தூண்களில் சாய்ந்துகொண்டிருப்பார்கள். காவல் கூலி இவ்வளவு, வேலிமுள் வண்டி இரண்டு, மண்வெட்டிப் பிடி மூன்று, கன்றுக்குத் தண்ணீர் இறைக்கத் தாம்புக் கயிறு இரண்டு என்று போய்க்கொண்டிருக்கும். சென்ற ஆண்டு கயிறு என்ற இடம் வந்தபோது, கீழ்ப்புறத் தெருவிலிருந்து வந்திருந்த ஒரு பெரியம்மா கையைத் தூக்கினார். "கயிறு ரெண்டுன்னு வாசிச்சீக. காட்டுக் கெணத்துல ஒண்ணுதானே கெடக்கு?"

பொருளாளர் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். பிறகு கணக்கு நோட்டை என் கையில் கொடுத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். கூட்டம் காத்திருந்தது, யாரோ காபி கொண்டுவந்தார்கள். கால் மணி நேரம் கழித்து, தம் மாட்டுக் கொட்டகையிலிருந்து அவிழ்த்த இரண்டாவது கயிற்றை, இன்னும் சாணம் காயாத முனையோடு, திண்ணையில் கொண்டுவந்து சுருட்டி வைத்தார். பெரியம்மா அதை எடுத்து ஒரு முழம் இழுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். நான் நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அடுத்த வரியிலிருந்து வாசித்தார்.